மூடாத கோட்டைக் காட்டிக்கொடுக்கும் கருவி எது?

ஒரு டிஎக்ஸ்எஃப் கோப்பு, அதாவது கணினியில் கோடுகளாக வரைந்த வரைபடக் கோப்பு, வந்தது. திறந்து பார்த்தால் கண்ணுக்கு லட்சணமாகத்தான் இருந்தது. ஒன்பது பிளாக்குகள், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாக மனைகள், மனைக்கு நடுவில் ஓர் எண். "கோடெல்லாம் போட்டாச்சு, பாலிகானா மாத்தித் தந்தா போதும், அரைமணி நேர வேலை" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அரைமணி நேரம் எனக்கு நான்கு நாள் ஓடியது. அந்த நான்கு நாளில் கியூஜிஐஎஸ், கிராஸ், போஸ்ட்ஜிஐஎஸ் என்ற மூன்று வரைபட மென்பொருள்களையும் ஒரே கோப்பின் மேல் ஓட்டிப் பார்த்தேன். மூன்றுமே இலவசம், மூன்றுமே திறந்த மூல மென்பொருள்கள். விலையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்பதால் வேறொன்றை வைத்து அவற்றை எடைபோடுகிறேன்: தன்னால் மூட முடியாத கோடுகளைப் பற்றி எது வாயைத் திறக்கிறது?

இந்த வேலை புதிதானவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடு என்பது வெறும் கோடு. அதற்கு நீளம் உண்டு, உள்ளே வெளியே கிடையாது. நான்கு கோடுகள் சேர்ந்து ஒரு மனையைச் சூழ்ந்து நிற்பது நம் கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பரப்பளவு வேண்டும், நிறம் நிரப்ப வேண்டும், இந்த மனை யாருடையது என்று அட்டவணையோடு இணைக்க வேண்டும் என்றால் அந்த நான்கையும் சேர்த்து ஒரு பலகோணமாக, எங்கள் பேச்சில் பாலிகானாக, மாற்றியாக வேண்டும். கோடுகள் சுத்தமாக இருந்தால் ஒரு பொத்தான் போதும். சுத்தமாக இருந்த கோப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

அசுத்தம் பல வகை. ஒரு கோடு இன்னொன்றைத் தொடுவதற்கு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும். இது அண்டர்ஷூட். இன்னொன்று தொட்டுத் தாண்டிக் கொஞ்சம் வால் நீட்டிக்கொண்டிருக்கும். இது ஓவர்ஷூட். எதோடும் சேராமல் தொங்கும் முனைக்கு டாங்கிள் என்று பெயர். பக்கத்துப் பக்கத்து மனைகளை வரைந்தவர் நடுக்கோட்டை இரண்டு தடவை போட்டிருப்பார். இரண்டும் துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழாது, நடுவில் நூல் மாதிரி ஒரு கீற்று உருவாகும். அதுதான் ஸ்லிவர். இவற்றில் எதுவும் முழுப் படத்தைப் பார்க்கும்போது தெரியாது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால்தான் "அட, இங்கே ஓட்டை" என்று தெரியும்.

முதலில் கியூஜிஐஎஸ். கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கிய திட்டம். இன்று இந்தத் துறையில் கால் வைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் திறக்கும் மென்பொருள் இதுதான். இதன் கருவிப்பெட்டியில் ஒரே மாதிரி பெயரில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று லைன்ஸ் டு பாலிகான்ஸ். மற்றது பாலிகனைஸ். புதியவர் எவரும் முதலாவதைத்தான் அழுத்துவார், பெயர் அப்படி இருக்கிறது. அது என்ன செய்யும் என்றால், ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக எடுத்து அதன் கடைசிப் புள்ளியை முதல் புள்ளியோடு சேர்த்து மூடிவிடும். ஒரு மனையின் நான்கு பக்கமும் நான்கு தனிக்கோடுகளாக இருந்தால் மனை வராது. வளைந்த கோடுகள் எல்லாம் பிறைநிலா மாதிரி துண்டுகளாக மாறித் திரை முழுக்கச் சிதறிக் கிடக்கும். பல வருடம் இதே வேலை பார்த்தும் அன்று அவசரத்தில் நானும் அதைத்தான் அழுத்தினேன். ஒவ்வொரு கோடும் ஏற்கெனவே முழு வளையமாக இருக்கும் கோப்புக்கு மட்டும் அந்தப் பொத்தான் சரி. மற்ற எல்லாவற்றுக்கும் பாலிகனைஸ்தான்.

பாலிகனைஸ் நல்ல கருவி. முதலில் எல்லாக் கோடுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் எல்லாம் முனை வைத்துத் துண்டாக்குகிறது. பிறகு அந்தத் துண்டுகளால் சூழப்பட்ட ஒவ்வொரு வெற்றிடத்தையும் ஒரு பாலிகானாக எடுக்கிறது. வால் நீட்டியிருக்கும் ஓவர்ஷூட் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. வெட்டும் இடத்தில் முனை விழுந்ததும் மிச்ச வால் தனித் துண்டாகிவிடும், அது எந்த வெற்றிடத்தையும் சூழாததால் தானாகக் கழிந்துவிடும். அண்டர்ஷூட் அப்படி இல்லை. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் அது திறந்த கதவுதான். இரண்டு மனைகளும் ஒன்றாகக் கலந்துவிடும். ஓட்டை தெருப்பக்கம் இருந்தால் மனையே காணாமல் போகும்.

இங்கேதான் எனக்குக் கோபம். காணாமல் போனதைப் பற்றி அந்தக் கருவி ஒரு சொல் சொல்வதில்லை. வேலை முடிந்தது என்கிறது, 583 பாலிகான்கள் என்கிறது, அவ்வளவுதான். என் கையில் 612 எண்கள் இருந்ததால்தான் எங்கோ இடிக்கிறது என்றே தெரிந்தது. எண்கள் இல்லாத கோப்பாக இருந்தால் 583 என்பதை நம்பி அனுப்பியிருப்பேன். மூடாமல் விட்ட கோடுகள் இவை என்று ஒரு லேயர், அதாவது படத்தின் மேல் போடும் தனி அடுக்கு, தருவதற்குத் தேவையான விஷயம் உள்ளே இருக்கும் எந்திரத்துக்குத் தெரியும் என்பதுதான் இதில் வேடிக்கை. கியூஜிஐஎஸ், போஸ்ட்ஜிஐஎஸ் இரண்டுமே இந்த வேலைக்கு நம்புவது ஜியோஸ் என்ற நிரல் நூலகத்தை. அது மார்ட்டின் டேவிஸ் ஜாவாவில் எழுதிய ஜேடிஎஸ் நூலகத்தின் சி பிளஸ் பிளஸ் வடிவம். அந்த ஜேடிஎஸ்ஸின் பாலிகனைசர் நான்கு விடைகளைப் பிரித்துத் தரும்: பாலிகான்கள், தொங்கும் கோடுகள், இரண்டு பக்கமும் ஒரே பரப்பே இருக்கிற பாலம் போன்ற கோடுகள், தப்பான வளையங்கள். கியூஜிஐஎஸ்ஸின் பொத்தான் முதல் விடையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு மற்ற மூன்றையும் பூசி மெழுகிவிடுகிறது. பைத்தான் தெரிந்தவர்கள் ஷேப்லி நூலகத்தில் பாலிகனைஸ் ஃபுல் என்ற செயல்கூற்றை அழைத்தால் நான்கும் கிடைக்கும். பொத்தானை நம்பி இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

இன்னொரு சின்னக் குறை. பாலிகனைஸ் பெட்டியில் கோட்டு லேயரின் அட்டவணை அமைப்பை வைத்துக்கொள்ளவா என்று ஒரு டிக் இருக்கும். டிக் போட்டால் தகவல் வரும் என்று நினைத்தேன். அமைப்பு மட்டும்தான் வருகிறது, பத்தியெல்லாம் காலி. யோசித்தால் நியாயம்தான். ஒரு மனையைச் சுற்றி நான்கு கோடுகள், அதில் எந்தக் கோட்டின் தகவலை மனைக்குக் கொடுப்பது? ஆனால் காலிப் பத்திகளை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மனைக்கு எண் கொடுப்பது நடுவில் இருக்கும் எழுத்துப் புள்ளிதான். அதே புள்ளிதான் நான் வைத்திருக்கும் ஆகச் சிறந்த பரிசோதனையும். ஒவ்வொரு பாலிகானிலும் எத்தனை எண் விழுகிறது என்று எண்ணச் சொன்னேன். 536 பாலிகான்களில் ஒரே எண், அவை சரி. 28 பாலிகான்களில் இரண்டிரண்டு எண், 2 பாலிகான்களில் மும்மூன்று. இங்கெல்லாம் நடுக்கோடு ஒழுகுகிறது. 14 எண்கள் எந்தப் பாலிகானுக்குள்ளும் இல்லை. அந்த மனைகள் வெளிப்பக்கம் ஒழுகிக் காணாமல் போனவை. 17 பாலிகான்களில் எண்ணே இல்லை. அவை ஸ்லிவர் குப்பை என்று முடிவு கட்டி, பார்க்காமலே அழித்தேன். அந்த 17-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, ஓட்டையை எப்படி அடைப்பது. எல்லாக் கருவியும் இந்த இடத்தில் ஓர் எண்ணைக் கேட்கும். டாலரன்ஸ். எத்தனை தூரத்துக்குள் இருக்கும் முனைகளை ஒட்ட வைக்கலாம் என்பது. இந்த ஓர் எண்ணில்தான் மொத்த வேலையின் தலையெழுத்தும் இருக்கிறது என்று சொன்னாலும் தகும். பழைய ஆர்க்இன்ஃபோ மென்பொருளில் கிளீன் கட்டளையைப் பயன்படுத்தியவர்கள் இதையே இரண்டு எண்களாகக் கேட்டதைப் பார்த்திருப்பார்கள்: எவ்வளவு நீள வாலை வெட்டலாம், எவ்வளவு நெருக்கமான புள்ளிகளை ஒன்றாக்கலாம். இரண்டையும் பிரித்துக் கேட்டது நல்ல பழக்கம். இப்போதைய பெட்டிகள் சில ஒரே எண்ணில் முடித்துவிடுகின்றன.

இந்த எண்ணோடு எனக்குப் பழைய பகை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு லேயரை ஸ்னாப் செய்ய, அதாவது முனைகளை இழுத்து ஒட்ட வைக்க, டாலரன்ஸ் 1 என்று போட்டேன். மனதுக்குள் 1 மீட்டர். லேயரோ அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்தது. அங்கே 1 என்றால் ஒரு பாகை. வடக்கு தெற்காக ஒரு பாகை கிட்டத்தட்ட 111 கிலோமீட்டர். மொத்தக் கோப்பும் சுருங்கி ஒரு புள்ளியில் போய் உட்கார்ந்துகொண்டது. நான் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடிக்கொண்டிருந்தேன். மென்பொருள் மேல் தப்பில்லை, அலகைப் பார்க்காதது என் தப்பு. அன்றிலிருந்து கோப்பு வந்ததும் முதல் வேலையாக மீட்டரில் அளக்கும் ஆள்கூற்று முறைக்கு மாற்றிவிடுவேன். பாகையிலேயே வேலை பார்த்துத்தான் ஆகவேண்டும் என்றால் 0.00001 பாகை என்பது நிலநடுக்கோட்டருகே ஏறக்குறைய 1.1 மீட்டர் என்ற கணக்காவது கையில் இருக்க வேண்டும்.

சரி, இந்தக் கோப்புக்கு எவ்வளவு? குத்துமதிப்பாகப் போடாமல் அளந்தேன். தொங்கும் முனைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மிக அருகில் இருக்கும் கோடு எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். பெரும்பாலானவை 3 சென்டிமீட்டருக்குள். ஒரு சில மட்டும் 10, 15 என்று போயின. அதே கோப்பில் சுற்றுச்சுவர்கள் இரட்டைக் கோடாக 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வரையப்பட்டிருந்தன. ஆக, டாலரன்ஸை 30 என்று போட்டால் ஓட்டையெல்லாம் அடையும், கூடவே சுவர்களும் ஒட்டிக்கொண்டு ஒற்றைக் கோடாகிவிடும். கோப்பை ஏற்றினால் ஒரே அழுத்தில் சுத்தம் செய்து தருகிறோம் என்று சொல்லும் ஓர் இணைய சேவையை முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறேன், பெயர் வேண்டாம். அது டாலரன்ஸையே கேட்கவில்லை. முடிவில் எல்லாம் பச்சை டிக். ஒரு குறுகலான சந்தும் அந்தப் பச்சை டிக்குக்குள் சத்தமில்லாமல் மூடிப்போயிருந்தது. நான் 5 சென்டிமீட்டரோடு நின்றேன். அதற்கு மேல் இருப்பதைக் கையால் பார்க்கலாம்.

அடைப்பதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. முனையை இழுத்து ஒட்டுவதற்குப் பதில், ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் நீட்டிவிடுவது. கியூஜிஐஎஸ்ஸில் எக்ஸ்டெண்ட் லைன்ஸ் என்று இருக்கிறது. நீட்டியதும் அண்டர்ஷூட்கள் எல்லாம் ஓவர்ஷூட்களாகிவிடும். ஓவர்ஷூட்டைப் பாலிகனைஸ் கண்டுகொள்ளாது என்றேன் அல்லவா? குறைவதைவிட மிஞ்சுவது மேல். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஸ்னாப் செய்தால் கோட்டின் இருப்பிடமே கொஞ்சம் நகரும், நீட்டினால் ஏற்கெனவே இருக்கும் பகுதி அசையாது. அளவீடு எடுத்து வரைந்த கோடுகளுக்கு இது பெரிய விஷயம். நீட்டிய பிறகு ஒழுகுவது வெகுவாகக் குறைந்தது. மூலைகளில் சில இடங்களில் நீட்டிய வால்கள் ஒன்றையொன்று வெட்டிக் கடுகளவு முக்கோணங்கள் முளைத்தன, அவற்றை அளவு வைத்து வடிகட்டிவிட்டேன்.

ஸ்லிவரை வடிகட்டப் பரப்பளவு மட்டும் போதாது. நீளமான ஸ்லிவர் பெரிய பரப்புக் காட்டும். பரப்பை 4π-ஆல் பெருக்கிச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். வட்டத்துக்கு 1, சதுரத்துக்கு 0.785, நூல் மாதிரி இருப்பதற்குச் சுழியத்துக்குப் பக்கத்தில். இந்தக் கணக்கை முதல் நாளே அந்த 17-க்கும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

மூன்றாம் நாள் கிராஸ் பக்கம் போனேன். இது அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் கட்டுமான ஆய்வுக்கூடத்தில் 1980-களின் தொடக்கத்தில் பிறந்தது. 1999 முதல் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. இதைத் திறப்பவர்கள் முதல் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுவார்கள் என்பதை நான் மறுக்க மாட்டேன். கோப்பைத் திற என்று சொன்னால் திறக்காது. முதலில் ஆள்கூற்று முறையைச் சொல்லி வேலைக்கான ஓர் இடம் அமைக்க வேண்டும், அதற்குள் மேப்செட் என்று ஓர் உள்கோப்புறை, அதற்குள் உங்கள் கோப்பை இறக்குமதி செய்ய வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளிருந்தே கிராஸ் கருவிகளை அழைக்கலாம். அது தற்காலிகமாக ஓர் இடம் அமைத்து, வேலையை முடித்து, விடையை வெளியே எடுத்துத் தரும். ஆனால் வெளியே வரும்போது கிராஸின் உண்மையான சொத்து உள்ளேயே தங்கிவிடும்.

அந்தச் சொத்துதான் டோபாலஜி, எது எதை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. ஷேப்ஃபைல் என்ற வழக்கமான வரைபடக் கோப்பு வகையில் பக்கத்துப் பக்கத்து மனைகள் இரண்டும் நடுக்கோட்டை ஆளுக்கொரு பிரதியாகத் தனித்தனியே வைத்திருக்கும். ஒன்றை நகர்த்தினால் மற்றதற்குத் தெரியாது. கிராஸில் நடுக்கோடு ஒன்றே ஒன்றுதான், இடப்பக்கம் எந்தப் பரப்பு, வலப்பக்கம் எந்தப் பரப்பு என்று அதற்கே தெரியும். பாலிகான் என்று தனியாக ஒன்றுமே இல்லை. மூடிய எல்லைக்கோடுகளும் உள்ளே ஒரு மையப்புள்ளியும் இருந்தால் அது ஒரு பரப்பு. இதைப் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. என் எண் புள்ளிகளையே மையப்புள்ளிகளாக்கினால்? கோடுகளை எல்லைக்கோடு வகையில் இறக்குமதி செய்து, வி.டைப் கட்டளையால் புள்ளிகளை மையப்புள்ளி வகைக்கு மாற்றி, வி.பேட்ச்சால் இரண்டையும் ஒன்றாக்கினேன்.

பிறகு வி.பில்ட். கருவி வாயைத் திறந்தது. தவறான எல்லைக்கோடுகள் இத்தனை, பரப்புக்கு வெளியே நிற்கும் மையப்புள்ளிகள் இத்தனை, ஒரே பரப்பில் இரட்டித்த மையப்புள்ளிகள் இத்தனை. கியூஜிஐஎஸ்ஸில் முதல் நாள் மண்டையை உடைத்து நானாக உண்டாக்கிய அதே பரிசோதனை. வெளியே நிற்பவை என் 14-ன் வகை, இரட்டித்தவை நடுக்கோடு ஒழுகும் வகை. யாரும் கேட்காமலே இது சொல்கிறது. ஒரு மென்பொருளைப் பார்த்து நன்றி சொல்லத் தோன்றியது அன்றுதான்.

சுத்தம் செய்வது வி.கிளீன். அதற்குள்ளே பல சிறு கருவிகள், அவற்றை எந்த வரிசையில் கொடுக்கிறோமோ அந்த வரிசையில் ஓடும். வெட்டும் இடங்களில் துண்டாக்குவது பிரேக். ஒட்டுவது ஸ்னாப். இரட்டைக் கோட்டை நீக்குவது ஆர்எம்டூப்ல். வாலை வெட்டுவது ஆர்எம்டாங்கிள், அதற்குச் சுழியத்துக்குக் கீழே ஓர் எண் கொடுத்தால் எவ்வளவு நீள வாலானாலும் வெட்டிவிடும். முதல் தடவையிலேயே அதைக் கொடுக்காதீர்கள். வால் என்று அது நினைப்பதில் பாதி, மறுமுனையில் ஒழுகும் உண்மையான எல்லைக்கோடாக இருக்கும். அதையும் வெட்டி எறிந்துவிட்டால் ஓட்டை இருந்த தடயமே இருக்காது. ஸ்னாப் செய்த பிறகு கோடுகள் கொஞ்சம் நகர்ந்து புதிய இடங்களில் வெட்டிக்கொள்ளும், அதனால் பிரேக்கையும் ஆர்எம்டூப்லையும் மறுபடி ஓட்ட வேண்டும். நான் மனதுக்குள் சட்டை துவைப்பதோடு ஒப்பிட்டுக்கொள்வேன்: ஒரு அலசு போதாது.

வி.கிளீனில் எனக்கு மிகவும் பிடித்தது பிழை லேயர். எதை வெட்டியது, எங்கே கை வைத்தது என்பதைத் தனி வரைபடமாக எழுதித் தரும். அதை மேலே போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல் ஓட்டை இருந்த கடைசிச் சில மனைகளை அப்படித்தான் கையால் மூடினேன்.

பிடிக்காததும் உண்டு. வி.கிளீனின் ஸ்னாப் புள்ளியைப் புள்ளியோடு மட்டும்தான் ஒட்டும். ஒரு கோடு இன்னொரு நீளமான கோட்டின் நடுவில் போய் முட்ட வேண்டும், அந்த இடத்தில் புள்ளி எதுவும் இல்லை என்றால் இது திரும்பிப் பார்க்காது. டாலரன்ஸைக் கூட்டிக்கொண்டே போய் "ஏன் ஒட்டவில்லை" என்று அரைநாள் விழித்தேன். அந்த வகை ஓட்டைக்குக் கியூஜிஐஎஸ்தான் மேல். அங்கே ஸ்னாப் ஜியாமெட்ரீஸ் பெட்டியில் தேவைப்படும் இடத்தில் புதிய புள்ளியைச் செருகி ஒட்டும் வாய்ப்பு இருக்கிறது. முன்னால் சொன்ன நீட்டும் வித்தையும் இங்கே பலிக்கும்.

தரவுத்தளத்துக்குள் ஓடும் போஸ்ட்ஜிஐஎஸ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. தரவுத்தளம் வைத்திருப்பவர்களுக்கு, ஒரே வகைக் கோப்பு மாதாமாதம் வருபவர்களுக்கு இதுதான் சரி. எஸ்டி நோட், எஸ்டி பாலிகனைஸ் என்று இரண்டு செயல்கூறுகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினால் முடிந்தது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கியூஜிஐஎஸ் பொத்தானைப் போல எஸ்டி பாலிகனைஸ் தானாக வெட்டும் இடங்களில் முனை வைக்காது. எக்ஸ் வடிவில் குறுக்கே போகும் இரண்டு கோடுகள், சந்திக்கும் இடத்தில் புள்ளி இல்லை என்றால் அதற்கு அவை ஒன்றையொன்று சந்திக்காத கோடுகள். எஸ்டி நோட் முதலில் ஓட வேண்டும். அதை மறந்து, மனைகள் பாதிதான் வந்தன என்று தரவுத்தளத்தைத் திட்டிக்கொண்டிருந்தது நான்தான். தொங்கும் கோடுகளைப் பற்றி இதுவும் மௌனம்தான். ஆனால் இங்கே அந்த மௌனத்தைக் கலைப்பது சுலபம். எந்தப் பாலிகானின் எல்லையிலும் சேராத கோடுகள் எவை என்று இன்னொரு வினவல் எழுதினால் பட்டியல் வந்துவிடும்.

ஆக, என் கணக்கில் முதலிடம் கிராஸுக்கு. பழகுவதற்குள் படுத்தும், ஆனால் மறைக்காது. கியூஜிஐஎஸ் இல்லாமல் என்னால் ஒரு நாளும் ஓட்ட முடியாது, நீட்டுவது, அளப்பது, பார்ப்பது எல்லாம் அங்கேதான். பாலிகனைஸ் பொத்தானை மட்டும், எண்ணிப் பார்க்க வேறு வழி கையில் இல்லாதபோது, தனியாக நம்ப மாட்டேன்.

எண் புள்ளிகளே இல்லாத கோப்புக்கு என்ன செய்வது என்றால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆய்லர் காலத்துக் கணக்கு. வெட்டித் துண்டாக்கிய பிறகு இருக்கும் கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து முனைகளின் எண்ணிக்கையைக் கழித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும் கூட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால், மூடிய பரப்புகள் எத்தனை என்று வந்துவிடும். தொங்கும் வால் இந்தக் கணக்கைக் கெடுக்காது. ஒரு வால் ஒரு கோட்டையும் ஒரு முனையையும் சேர்த்தே கொண்டுவருவதால் இரண்டும் கழிந்துவிடும். கிராஸில் வி.இன்ஃபோ கட்டளையே எல்லைக்கோடு, முனை, தீவு என எல்லாவற்றையும் எண்ணித் தரும். தீவு என்று அது சொல்வதுதான் நம் தனிக் கூட்டம்.

நான்காம் நாள் காலையில் சும்மா அதைப் போட்டுப் பார்த்தேன். கோடுகள் 2,148. முனைகள் 1,544. கூட்டங்கள் 9, பிளாக்குக்கு ஒன்று. 613 என்று வந்தது. எண்களோ 612. கூட்டலில்தான் தப்பு என்று மறுபடி போட்டேன், மறுபடியும் 613. ஸ்லிவர் எதுவோ மிஞ்சியிருக்கிறது என்று வி.சென்ட்ராய்ட்ஸை ஓட்டினேன். மையப்புள்ளி இல்லாத பரப்புகளைத் தேடிப் புள்ளி வைப்பது அதன் வேலை. புதிதாக வைத்தது 1 என்றது. அந்த இடத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டு போனேன். மூன்றாம் பிளாக்கின் மூலையில், நான்கு பக்கமும் ஒழுங்காக மூடிய, கிட்டத்தட்டச் சதுரமான ஒரு சின்னப் பரப்பு. வடிவக் கணக்கில் 0.78. முதல் நாள் குப்பை என்று நான் பார்க்காமல் அழித்த 17-இல் ஒன்று.

கோப்பைக் கொடுத்தவரை அழைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "ஐயோ, அது டிரான்ஸ்ஃபார்மருக்கு விட்ட இடம், நம்பர் போட மறந்துட்டோம்" என்றார். மாலையில் ஒரு புள்ளி அனுப்பினார்கள். அதைச் சேர்த்துவிட்டு வி.பில்டை இன்னொரு முறை ஓட்டினேன். பரப்புகள் 613, மையப்புள்ளிகள் 613.